செவ்வாய்க்காரர்களை நம்பியது யார்?

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு. 23 வயது ஆர்சன் வெல்ஸ், அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் எச்.ஜி.வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாவலை நாடகமாக்கி வழங்கினார். நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் செவ்வாய்க் கிரகத்தவர் இறங்கிவிட்டதாகச் செய்தி அறிவிப்புப் பாணியில் கதை ஓடியது. நாடே பீதியில் ஓடியதாக மறுநாள் நாளிதழ்கள் எழுதின.

ஊடகம் சொல்வது மருந்து ஊசிபோல நேராக மக்கள் மனதில் இறங்கிவிடும் என்ற பழைய எண்ணத்துக்கு அந்த இரவைத்தான் இன்றும் சான்றாகக் காட்டுகிறார்கள். முதல் உலகப் போர்ப் பிரசாரத்தைக் கண்டு மிரண்டிருந்த காலம் அது. அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1927இல் அந்தப் பிரசாரத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருந்தார். ஆனால், அந்த இரவு ஊசிக் கோட்பாட்டை நிரூபிக்கவே இல்லை.

வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் அன்றிரவு தொலைபேசியில் விசாரித்தவர்களில் 2 சதவீதத்தினரே அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தனர். விளம்பர வருவாயை வானொலியிடம் பறிகொடுத்துவந்த நாளிதழ்களோ, அது பொறுப்பற்ற ஊடகம் என்று காட்டக் கிடைத்த வாய்ப்பை விடவில்லை.

பயந்தவர்களே இல்லை என்பதல்ல. உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் குழு 135 பேரிடம் பேசி 1940இல் வெளியிட்ட நூலில் அவர்களின் குரல் இருக்கிறது. ஒருவர் ஜன்னல் வழியே பார்க்கிறார்; தெரு நிறைய கார்கள். எல்லோரும் தப்பி ஓடுகிறார்கள் என்று முடிவுகட்டுகிறார். இன்னொருவர் தெருவில் ஒரு காரும் வரவில்லை. சாலைகள் தகர்ந்துவிட்டன என்று அவர் நினைக்கிறார். மூன்றாமவருக்கு எல்லாம் வழக்கம்போலத் தெரிகிறது. நம் பகுதிக்கு இன்னும் வரவில்லை என்கிறார். வேறு பலரோ வேறு நிலையத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள், நாளிதழில் நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடினார்கள், தெளிந்துவிட்டார்கள்.

முந்தைய மாதம்தான் ஐரோப்பாவைப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோன மியூனிக் நெருக்கடி. நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுப் போர்ச் செய்தி வாசிப்பதற்கு அமெரிக்கக் காதுகள் பழகியிருந்தன. வந்திருப்பது ஜெர்மானியர்கள் என்றே நினைத்தவர்களும் உண்டு. ஆக, அவர்களிடம் பயம் ஏற்கெனவே இருந்தது. இதைக் கணக்கில் எடுக்காமல் மக்களை விவரமற்ற கும்பல் என்று எழுதுவது அநியாயம்.

ஊசிக் கோட்பாட்டுக்கு எதிரான சான்று தேர்தல் களத்திலும் கிடைத்தது. 1940 அதிபர் தேர்தலில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு, ஓஹையோவின் ஈரி கவுண்டியில் 600 பேரை மாதந்தோறும் சந்தித்துப் பேசியது. பிரசாரத்தால் எதிர்முகாமுக்கு மாறியவர்கள் சுமார் 8 சதவீதமே. வானொலியையும் நாளிதழையும்விட, அவற்றைக் கவனமாகப் பின்தொடரும் அண்டை வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர் சொல்லே பலருக்கு எடுபட்டது.

அப்படியானால் ஊடகத்துக்கு வலுவே இல்லையா? இருக்கிறது. 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ வானொலி அதே நாடகத்தை உள்ளூர்ப் பெயர்களுடன், அதிகாரிகளின் குரலைப் போலப் பேசும் நடிகர்களுடன் ஒலிபரப்பியது. மக்கள் தெருவுக்கு ஓடினர். கற்பனைதான் என்று அறிவித்த பிறகே கூட்டம் திரண்டு நிலையக் கட்டடத்துக்குத் தீ வைத்தது, உயிர்கள் பலியாயின. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தபின் எழுந்த அந்தக் கோபத்துக்கு ஊசிக் கோட்பாட்டில் விளக்கமே இல்லை.