குளிரில் காண வேண்டிய நகரம்

துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரத்தைப் பார்த்துவர ஆவல் கொள்கிறவர்களுக்குப் பிரயாண ஏற்பாட்டாளர்கள் அச்சிட்டுத் தரும் வண்ணப் பிரசுரங்களில், வானம் எப்போதும் நிர்மலமான நீலமாகவும், கடல் எப்போதும் அலையடங்கியதாகவும், பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் எப்போதும் வெயிலில் பளபளப்பனவாகவுமே இருக்கும். ஏப்ரல் மாதத்து டியூலிப் மலர்களும் ஜூன் மாதத்து மொட்டைமாடி உணவகங்களும் அவற்றில் இடம்பெறுமேயன்றி, டிசம்பர் மழையில் குடையை இறுகப் பற்றிக்கொண்டு கலாத்தா பாலத்தைக் கடக்கும் மனிதனுக்கு அங்கே இடமில்லை. நம்மவர்களும் பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்து மே மாதத்தில் போய் வந்துவிடுகிறார்கள். குழந்தைகளின் பரீட்சைக்குக் கட்டுப்பட்ட குடும்பங்களை இதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மாதத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் சுதந்திரம் படைத்தவர்கள் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் போவதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். அப்போது விடுதி வாடகை குறையும், கூட்டம் குறையும் என்பவை வாஸ்தவமே என்றாலும், அவை சில்லறைக் காரணங்கள். அந்த நகரத்தின் ஸ்வபாவமே குளிர்காலத்தில்தான் வெளிப்படுகிறது என்பதே என் கட்சி.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 2023-ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லுக்கு வந்த வெளிநாட்டார் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நகரத்தின் ஜனத்தொகையோ 1 கோடியே 60 லட்சத்தை எட்டவில்லை. ஊராரைக் காட்டிலும் வந்துபோகிறவர்கள் அதிகமாக உள்ள ஓர் ஊரில், கோடைகாலத்தில் சுல்தானகமது மைதானத்தில் நிற்கும் யாத்திரிகன் பெரும்பாலும் பிற யாத்திரிகர்களின் முதுகைத்தான் தரிசிக்கிறான்.

இஸ்தான்புல் எதற்காக அந்த இடத்தில் எழுந்தது என்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறவன் முதலில் அங்கே வீசும் காற்றையும் ஓடும் நீரையும் கவனிக்க வேண்டும். கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் ஜலசந்தி சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. மிகவும் குறுகிய இடத்தில் அதன் அகலம் 700 மீட்டர்தான். தன்யூப் முதலிய மகாநதிகளின் நீரை வாங்கிக்கொள்ளும் கருங்கடலின் மட்டம் சற்றே உயர்ந்திருப்பதால், மேல்நீர் வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. உப்பு மிகுந்து கனத்த தென்கடல் நீரோ, அதற்கடியில், நேர் எதிர்த்திசையில், வடக்கு நோக்கி ஊர்ந்து செல்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மார்சிலி என்ற இத்தாலியர், வெள்ளை வர்ணம் பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, இந்த இரட்டை ஓட்டத்தைக் கண்ணால் கண்டு நிரூபித்தார். கோடையில் இதெல்லாம் புத்தகச் செய்தி. குளிர்காலத்திலோ, பொய்ராஸ் என்னும் வடகிழக்குக் காற்று கருங்கடலின் மீது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து நகரத்தின்மேல் கொட்டும்போதும், மறுவாரமே லோதோஸ் என்னும் தென்மேற்குக் காற்று வெதுவெதுப்பாகக் கிளம்பி, மர்மராவின் அலைகளைக் கரைச்சுவர்மேல் ஏற்றி, சில நாட்களில் மேல்நீரோட்டத்தையே திருப்பிவிடும்போதும், இரண்டு கடல்களுக்கு நடுவே அமைந்த ஊர் என்பதன் பொருள் நம் காதிலும் கன்னத்திலும் வந்து அறைகிறது.

இந்தச் சீதோஷ்ணத்தைப் பற்றி நம்மவர்களுக்குள்ள பயம் சற்று மிகையானது. ஜனவரியில் பகலில் எட்டு ஒன்பது டிகிரியும் இரவில் மூன்று நான்கு டிகிரியும் இருப்பது வழக்கம். ஐரோப்பாவின் வடபகுதிகளில் வாழ்கிறவர்கள் இதைக் குளிரென்றே மதிக்கமாட்டார்கள். பனி பொழியும் நாட்கள் கொஞ்சம். மழை பெய்யும் நாட்களே அதிகம். எனினும் அபூர்வமாகச் சில வருஷங்களில் இயற்கை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வதுண்டு. 1954 பிப்ரவரியில், தன்யூப் நதியில் உடைந்த பனிப்பாளங்கள் கருங்கடல் வழியே மிதந்து வந்து பாஸ்பரஸை அடைத்துக்கொள்ள, ஜனங்கள் அவற்றின்மேல் இறங்கி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால், 763-64-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மிதந்து வந்த பனிப்பாறைகள் கோட்டைச் சுவரிலேயே மோதியதாகத் தியோபனிஸ் என்ற துறவியின் வரலாற்று நூல் கூறுகிறது. தன்னையொத்த வயதுடைய முப்பது பேரோடு அப்படியொரு பாறைமீது ஏறி விளையாடியதையும் அந்த நூலில் தன் கூற்றாகவே எழுதியிருக்கிறார்.

காற்று அடங்கிய ஒரு குளிர்காலப் பிற்பகலில், எமினோனு துறையிலிருந்து எதிரே ஆசியக் கரையிலுள்ள காடிக்கோய்க்குப் படகேறிப் போவதைவிட அந்நகரில் மேலான காரியம் ஒன்று உண்டென்று நான் நினைக்கவில்லை. நகரத்தின் நீராவிப் படகுப் போக்குவரத்துக்கென்று 1851-லேயே கம்பெனி ஏற்பட்டுவிட்டது. இன்றும் அலுவலகம் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் காய்கறிப் பையுடன் கிழவிகளும் பேருந்தில் ஏறுவதுபோல் சாவதானமாக அதில் ஏறுகிறார்கள். கோடையில் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடிவிடுவார்கள். குளிரிலோ, அத்தனை பேரும் உள்ளறையின் பலகைகளில் தோளோடு தோள் உரச உட்கார்ந்துவிட, அவர்கள் மூச்சில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் புகைபடிந்து போகும். யாராவது ஒருவர் கோட்டுக் கையால் உள்ளங்கையளவு துடைத்துவிட, அந்த வட்டத்துக்குள் தொப்கபி அரண்மனையின் புகைபோக்கிகள் ஒரு கணம் தோன்றி மறையும். தேநீர்க்காரர் இடுப்பொடுங்கிய சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளைத் தட்டில் அடுக்கி, ஆட்டத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் வருகிறார். குவளைக்குப் பிடி கிடையாது. விளிம்பை விரல்நுனிகளால் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். அங்குள்ளவர்கள் குடிப்பதற்கு முன்னால் அதை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் சிறிது நேரம் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள். பால் கலவாத தேநீரை இகழ்கிற நம் நாக்கும் அந்த இடத்தில் வாதம் செய்யாது.

இனிக் கட்டடங்கள். ஹாகியா சோபியாவை வேனிற்காலத்து வெயிலோடு சேர்த்து எண்ணுகிறவர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். பழைய தேவாலயம் எரிந்து சாம்பலானது 532 ஜனவரிக் கலகத்தில். ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி புதியதற்கு அஸ்திவாரமிட்டது அடுத்த மாதத்தில். ஆந்திமியஸ், இஸிடோர் என்ற இருவரின் கணித ஞானத்தால் அது எழுந்து நின்று பிரதிஷ்டை ஆனது 537 டிசம்பர் 27-ஆம் தேதி. பூகம்பங்களால் நலிந்த குவிமாடம் 558-ல் இடிந்து விழுந்தபின், முன்னிலும் உயர்த்திக் கட்டி மறுபடி திறந்ததும் 562-ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஆகவே அந்த மண்டபம் மனிதர்களை முதன்முதலாக உள்ளே அழைத்தது குளிர்காலத்து ஒளியில். குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி அமைந்த 40 ஜன்னல்கள் வழியாக, தாழ்ந்து செல்லும் டிசம்பர் சூரியனின் கதிர் சாய்வாக நீண்டு உள்ளே விழுகையில், கல்லாலும் செங்கல்லாலும் ஆன அத்தனை பாரமும் எதன்மேல் நிற்கிறதென்று புரியாமல் கண் தடுமாறுகிறது. 2020-ல் அது மீண்டும் பள்ளிவாசலாக்கப்பட்டது. 2024 முதல் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் 25 யூரோ செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டுமே செல்லலாம். கட்டணம் அதிகம்தான், ஆனால் அந்த மாடத்தின் சலவைக்கல் கைப்பிடிச் சுவரில், சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையில் கூலிக்குச் சேவகம் செய்ய வட தேசத்திலிருந்து வந்த ஹால்ப்டான் என்பவன், தன் நாட்டு ரூனிக் எழுத்தில் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நீண்ட பூஜையில் சலிப்புற்ற காவலன் எவனோ ஒருவன். சுவரில் பேர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் உரியதன்று.

சுலைமானியே பள்ளிவாசலுக்கு மாலை மயங்கும் நேரத்தில் போக வேண்டும். 1550-இல் தொடங்கி 1557-இல் சினான் என்ற சிற்பி கட்டி முடித்த அந்தப் பள்ளிவாசலில், குளிர்காலத்து நீண்ட இரவுகளில் ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில், புகைக்கரி சுவர்களில் படிந்து பாழாக்காதபடி, காற்று தானாகவே அதனை இழுத்துச்சென்று வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சேர்க்கும் விதமாக அவர் வழி செய்திருந்தார். அங்கே சேர்ந்த கரியைத் திரட்டிப் பிசின் கூட்டி மை தயாரித்தார்கள். தொழுகை விளக்கின் புகையையே எழுத்துக்கு மையாக்கிய இந்தச் சாமர்த்தியத்துக்கு நிகராக ஒன்றை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பள்ளிவாசலுக்கு எதிர்வரிசைக் கடைகளில் வெள்ளை பீன்ஸை நெடுநேரம் வேகவைத்து, சோற்றோடு பரிமாறுகிறார்கள். அலங்காரமில்லாத அந்தச் சாப்பாடு குளிருக்கென்றே ஏற்பட்டது.

சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். நம் நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஹம்சி மீன் கருங்கடலிலிருந்து வந்து குவிவது குளிர்காலத்தில். மக்காச்சோள மாவில் புரட்டி வறுக்கிறார்கள். தெருமுனைகளில் செஸ்ட்நட் கொட்டையைக் கரியடுப்பில் கீறிச் சுடுகிறார்கள். காட்டு ஆர்க்கிட் செடியின் கிழங்கை மாவாக்கிப் பாலில் காய்ச்சி, லவங்கப்பட்டைப் பொடி தூவித் தரும் சாலெப் என்னும் பானம் பிரசித்தமானது. அச்செடிகள் அருகிவருவதால் கிழங்கு மாவை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. மலிவாக விற்பதில் பெரும்பகுதி வெறும் ஸ்டார்ச்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் வோட்டு போஸாவுக்கே. தினை வகைத் தானியத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்துச் செய்யும் இந்தக் கெட்டியான பானம் நம் கம்பங்கூழுக்கு நெருங்கிய உறவு; ஆயினும் நாம் கூழைக் கோடையில் தேடுகிறோம், அவர்கள் போஸாவைக் குளிரில் தேடுகிறார்கள், ஏனெனில் வெப்பத்தில் அது அளவுமீறிப் புளித்துக் கெட்டுவிடும். வேஃபா பேட்டையில் 1876 முதல் நடக்கும் கடையில், சலவைக்கல் மேடைமீது வரிசையாக வைத்த கண்ணாடிக் குவளைகளில் அதை ஊற்றித் தருகிறார்கள். எதிர்க்கடையில் வாங்கிய வறுத்த கொண்டைக்கடலையை மேலே தூவிக்கொண்டு, கரண்டியால் எடுத்து உண்ண வேண்டும். முன்காலத்தில் இரவு வேளைகளில் தெருத்தெருவாகக் கூவி விற்ற போஸா வியாபாரிகளில் ஒருவனைக் கதாநாயகனாக்கி ஓரான் பாமுக் ஒரு பெரிய நாவலையே எழுதினார்.

நோபல் பரிசு பெற்ற அந்த பாமுக்கும், தம் ஆயுள் முழுவதும் அந்நகரைப் படமெடுத்த ஆரா கியூலரும் உலகுக்குக் காட்டிய இஸ்தான்புல் எத்தகையது? பெரும்பாலும் கறுப்பும் வெளுப்பும் கலந்த குளிர்கால நகரம்: ஈரமான கற்பாவிய தெருக்கள், படகுகளின் புகை, மேல்கோட்டுக்குள் ஒடுங்கிய மனிதர்கள். பிரசுரங்களின் நீலவானம் அந்நியர்க்காகத் தீட்டப்பட்டது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் கண் வேறொன்றைத் தேர்ந்துகொண்டது என்பது என் கட்சிக்கு வலுவான சாட்சியம்.

ஆனால் குளிர்காலத்தின் அழகைப் புகழ்கிறவனுக்கு அதன் கொடுமையை மறைக்கும் உரிமை கிடையாது. நமக்கு ரம்மியமாகத் தோன்றும் புகைமூட்டம் ஏழைகளின் நிலக்கரி அடுப்பிலிருந்தும் எழுவது. லோதோஸ் வீசும் இரவுகளில் காற்று புகைபோக்கி வழியே புகையை வீட்டுக்குள் திருப்பித் தள்ள, நச்சு வாயுவால் உறக்கத்திலேயே குடும்பங்கள் மடிவதுண்டு. இதற்காகவே வானிலை இலாகா முன்கூட்டி எச்சரிக்கை விடுக்கிறது. 2016 முதல் துருக்கி வருஷம் முழுவதும் கோடைக்கால நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பர் இறுதியில் சூரியன் உதிக்க எட்டு மணிக்கு மேலாகிறது. சின்னக் குழந்தைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். 2022 ஜனவரியில் கொட்டிய பனியால் புதிய விமான நிலையமே மூடப்பட்டு, பிரயாணிகள் தரையில் படுத்துறங்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் அறிந்தும் போகிறவன் பனி போர்த்திய மினார்களைப் படம்பிடிப்பதோடு திருப்தியடைய மாட்டான் என்று நம்புகிறேன்.

இன்னொரு சந்தர்ப்பமும் இப்போது கூடி வந்திருக்கிறது. சந்திரமான கணக்குப்படி நகர்ந்துவரும் ரமலான் மாதம் இந்தப் பத்தாண்டின் இறுதிவரை குளிர்காலத்தை ஒட்டியே வருகிறது. அந்த மாதத்தில் பெரிய பள்ளிவாசல்களின் மினார்களுக்கிடையே கயிறு கட்டி, விளக்குகளால் வாசகங்களை எழுதித் தொங்கவிடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. நோன்பு திறக்கும் வேளையில் தெருக்கள் சட்டென்று காலியாகி, ஒரு மணி நேரத்துக்குப் பின் முன்னிலும் பன்மடங்காக நிரம்புகின்றன. அம்மாதத்தில் செல்கிறவர்கள் பகலில் தெருவில் நின்று தின்னாமலிருப்பது மரியாதை.

போக நினைக்கிறவர்கள் ஒரு கனத்த கோட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதும், ஈரக்கல்லில் வழுக்காத காலணி வாங்கிக்கொள்வதும் நலம். செவ்வாய்க்கிழமை தொப்கபி அரண்மனையும், ஞாயிற்றுக்கிழமை பெரிய கூரைச் சந்தையும் அடைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் திட்டமும் இல்லாத ஒரு நாளைக் காற்றுக்கென்று ஒதுக்கி வையுங்கள். லோதோஸ் பலத்தால் படகுகள் நின்றுவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை, 2013-ல் திறந்த மர்மராய் ரயில் கடலுக்கு அடியில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.