பவளத்துக்கு வேண்டிய வெயில்

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் இந்தப் பகுதிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரை விட்டுப் போகும் சிநேகிதர் ஒருவர், நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றையும், அதன்மேல் தொங்கவிடுவதற்கு ஆறு குழல்கள் பொருத்திய ப்ளோரஸென்ட் விளக்குக் கூட்டையும் அவருடைய குடும்பத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் உப்பு ஜலம் நிரப்பி, மீன்களுடன் உயிருள்ள பவளமும் வளர்க்க வேண்டுமென்பது வீட்டாரின் ஆசை. ஆனால் விளக்கு விஷயத்தில் வீட்டில் மூன்று கட்சிகள் ஏற்பட்டுவிட்டன. பழைய குழல்களைத் தள்ளிவிட்டு எல்.இ.டி. விளக்கு வாங்க வேண்டும் என்பது கணவரின் கட்சி. இருப்பதை வைத்துக்கொண்டு அந்தப் பணத்துக்குப் பவளம் வாங்கலாம் என்பது பன்னிரண்டு வயதுப் புதல்வனின் கட்சி. "எதுவானாலும் சரி, மின்சாரப் பில் என்ன ஆகும்?" என்பது சகோதரியின் கட்சி. குடும்பங்களில் கடைசியாக ஜயிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்சிதான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஆயினும் இந்த வழக்கில் நாலாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. அது பவளம். அதற்குக் கடிதம் எழுதத் தெரியாது. வாயும் கிடையாது என்று சொல்வதற்கில்லை, மிகச் சிறிய வாய் உண்டு. ஆனால் முறையிடத் தெரியாது. வெளிச்சம் தவறினால் மௌனமாக இறந்துபோகும். ஆகவே அதன் தரப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு பிராணி. பாறை கட்டும் பவளங்களின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. வீட்டுக்காரர் இடங்கொடுக்கிறார், குடித்தனக்காரர் வாடகைக்குப் பதிலாகச் சமையல் செய்து போடுகிறார். வெளிச்சத்தைக் கொண்டு பாசி தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்கே போய்ச் சேருகிறது. ஆகையால் வெளிச்சம் நின்றால் அடுப்பு அணைந்தது போலத்தான். வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினாலும், ஜலம் அதிகமாகச் சூடேறினாலும், குடித்தனக்காரர் வெளியேற்றப்படுகிறார். பவளம் வெளுத்துப் போகிறது. இந்த வெளுப்பு நீடித்தால் மரணம்தான். எனவே பவளத் தொட்டியின் விளக்கை அலங்கார விளக்கு என்று எண்ணலாகாது. அது சமையற்கட்டு.

எந்த வெளிச்சமும் இதற்கு உதவுமா என்றால், உதவாது. ஸூரிய ஒளியிலுள்ள வர்ணங்களில் சிவப்பைக் கடல் ஜலம் சீக்கிரமே விழுங்கிவிடும். நீலம் வெகு ஆழம் வரையில் செல்லும். ஆழத்தில் வாழும் பவளத்தின் பாசி நீல வெளிச்சத்தில் வேலை செய்வதற்கே பழகியது. நமது கூடத்தில் எரியும் விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தோன்றினாலும், அதில் நீலம் குறைவாயிருந்தால் பாசிக்கு அரைப்பட்டினிதான்.

இங்கேதான் ப்ளோரஸென்ட் குழலின் பெருமை வெளிப்படுகிறது. 1938-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் இவ்விளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். குழலுக்குள் இருக்கும் துளியளவு பாதரசம் ஆவியாகி, மின்சாரம் பாயும்போது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வீசுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு, நாம் காணும் ஒளியாக மாற்றித் தருகிறது. பொடியை மாற்றினால் ஒளியின் வர்ணம் மாறும். நீலம் வேண்டுமா, நீலம். வெண்மை வேண்டுமா, வெண்மை. பவளம் வளர்ப்பவர்கள் இந்தக் குழலை விரும்பியதற்கு இதுவே காரணம்.

குழல்களில் பருமன் பலவிதம். பெட்டியின்மேல் டி12, டி8, டி5 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கினால், குழலின் குறுக்களவு அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். டி12 என்றால் ஒன்றரை அங்குலம்; டி8 என்றால் ஓர் அங்குலம்; டி5 என்றால் ஐந்தே பங்கு, சுமார் 16 மில்லிமீட்டர். 1990-களின் நடுவில் வந்த இந்த மெல்லிய டி5 குழல்தான் பவளத் தொட்டிக்கு மிகவும் ஏற்றது. குழல் மெல்லியதாக இருப்பதால், அதன் பின்னால் வளைந்த பிரதிபலிப்புத் தகடு ஒன்றை வைத்தால், மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் குழலிலேயே மோதி வீணாகாமல் கீழே திரும்பி வருகிறது. ஆறு குழல்களுக்கும் சேர்த்து ஒரே தட்டையான தகடு போட்ட கூட்டைவிட, குழலுக்கொரு தகடு உள்ள கூடு பல மடங்கு மேலானது. சகோதரி தம் வீட்டுக் கூட்டைத் திருப்பிப் பார்த்து, இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது வாட் எண். நான்கடித் தொட்டிக்குரிய டி5 குழல் 1,149 மில்லிமீட்டர் நீளமுள்ளது. இதே நீளத்தில் 28 வாட் குழலும் உண்டு. 54 வாட் குழலும் உண்டு. முன்னது வீட்டுக்கும் ஆபீஸுக்கும் உரியது. பின்னதே தொட்டிக்கு வேண்டியது. இரண்டும் ஒரே பிடியில் பொருந்தும். ஆனால் ஒன்றின் சோக் மற்றொன்றுக்கு ஆகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று 28 வாட் குழலை வாங்கி மாட்டினால் குழலும் கெடும், காரியமும் கெடும். பழைய குழல் விளக்கில் இருந்த ஸ்டார்ட்டர் டி5-ல் கிடையாது. எலெக்ட்ரானிக் சோக்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

ஆறு குழல்களை வர்ணத்தின்படி எப்படிப் பங்கிடுவது? மூன்று நீலம், ஒன்று "ஆக்டினிக்" எனப்படும் ஊதா கலந்த நீலம், அதாவது 420 நானோமீட்டர் அலையை மிகுதியாக வீசுவது, மிச்சம் இரண்டு, 10,000 கெல்வின் என்று குறிப்பிட்ட வெண்மை. இது ஒரு நல்ல சமையல் விகிதம். மத்தியான வெயிலின் நிறம் ஏறக்குறைய 5,500 முதல் 6,500 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், 10,000 என்பது சற்று நீலம் பாய்ந்த வெண்மை என்பது விளங்கும். வெள்ளைக் குழல்களையே ஆறும் மாட்டினால் பவளம் செத்துவிடாது. ஆனால் அதன் இயற்கையான வர்ணஜாலம் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

இனி, நேரம். நீலக் குழல்கள் நான்கையும் ஒரு ஸ்விட்சிலும் வெள்ளை இரண்டையும் மற்றொரு ஸ்விட்சிலும் சேர்த்து, தானே ஏற்றி அணைக்கும் கடிகாரக் கருவியை வைத்துவிட வேண்டும். காலையில் நீலம் முதலில் எரியட்டும். ஒரு மணி கழித்து வெள்ளை சேரட்டும். மாலையில் வெள்ளை முதலில் அணைந்து, ஒரு மணிக்குப் பிறகு நீலம் அணையட்டும். உதயமும் அஸ்தமனமும் போல் இருக்கும். நீலத்துக்குப் பத்து மணி நேரமும் வெள்ளைக்கு எட்டு மணி நேரமும் போதும். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்பதற்காக நடுநிசி வரையில் விளக்கை எரிய விடக் கூடாது. பவளத்துக்கும் இரவு வேண்டும்.

ஒரு பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதும் முக்கியம். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்க "பார்" என்ற அளவு உண்டு. நடுப்பகலில் வெப்பக் கடலின் மேல்மட்டத்தில் அது 2,000 வரை இருக்கும். காளான் பவளம், தோல் பவளம் முதலிய மிருதுவான ஜாதிகளுக்கு 50 முதல் 100 வரை போதும். பெரிய வாயுள்ள கல் பவளங்களுக்கு 100 முதல் 200. மான்கொம்பு போல் கிளைக்கும் அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். புதல்வனுக்கு அந்த மான்கொம்பின்மேல்தான் கண் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அது பவளங்களுக்குள் மிகவும் கோபிஷ்டமானது. தொட்டியின் ஜலம் பல மாதங்கள் நிலைபெற்ற பிறகே அதை அழைக்க வேண்டும். முதல் வருஷத்தில் மிருதுவான ஜாதிகளே வீட்டுக்கு உகந்தவை.

புதிய பவளத்தை வந்த அன்றே விளக்குக்கு அருகில் வைப்பது, நிழலில் வளர்ந்தவரைச் சித்திரை வெயிலில் நிறுத்துவது போன்றது. முதலில் தொட்டியின் அடியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக மேலே ஏற்ற வேண்டும். நிறம் வெளிறினால் வெளிச்சம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். பழுப்பேறினால் வெளிச்சம் குறைவு, அல்லது ஜலத்தில் கழிவு அதிகம். குழல்களோ நாளடைவில் சோர்ந்துபோகும். கண்ணுக்கு எரிவது போலவே இருக்கும். பவளத்துக்குத்தான் குறைவு தெரியும். ஆகையால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் மாற்றிவிட வேண்டும். ஆறையும் ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால் பவளத்துக்கு அதிர்ச்சி இராது.

உப்பு ஜலமும் மின்சாரமும் பரம விரோதிகள். கம்பியைத் தொட்டிக்கும் ஸ்விட்சுக்கும் இடையே கீழ்நோக்கித் தொங்கும்படி வளைத்துவிட்டால், வழியும் ஜலம் ஸ்விட்சுக்குள் போகாமல் வளைவிலிருந்து சொட்டிவிடும். மின்சாரம் கசிந்தால் கணத்தில் தொடர்பைத் துண்டிக்கும் கருவி அவசியம் இருக்க வேண்டும். இந்த ஒரு செலவில் சிக்கனம் கூடாது. குழல் உடைந்துவிட்டால், குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, அட்டையால் சில்லுகளை வாரி எடுக்க வேண்டும். உறிஞ்சும் யந்திரத்தைக் கொண்டு சுத்தம் செய்தால் பாதரசம் அறையெங்கும் பரவும்.

இனி மூன்று கட்சிகளுக்கும் தீர்ப்பு. முதலில் பில். நான்கு குழல் பத்து மணி, இரண்டு குழல் எட்டு மணி என்று கணக்கிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 3 யூனிட். மாதத்துக்குச் சுமார் 90 யூனிட். எல்.இ.டி. இதைவிடக் குறைவாகச் செலவழிக்கும்; வருஷந்தோறும் குழல் மாற்றும் செலவும் அதற்கு இல்லை. ஆனால் வாங்கும் விலை அதிகம். மேலும் அது புள்ளி புள்ளியாக ஒளி வீசுவதால், கிளைகளின் அடியில் நிழல் விழும்; குழலின் வெளிச்சமோ பந்தல் போல் எங்கும் சமமாகப் பரவும். இதனாலேயே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் அநுபவசாலிகள் உண்டு.

எனினும் குழலின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ம் வருஷம் ஜெனீவாவில் கூடி, பொது உபயோகத்துக்கான ப்ளோரஸென்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று தீர்மானித்தன. ஐரோப்பிய யூனியனில் அதே வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே டி5, டி8 குழல்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவது தடைப்பட்டது. பெரிய விற்பனை நின்றபின் பவளத்துக்கென்று செய்யும் சிறிய சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே: இனாமாக வந்த கூட்டை இப்பொழுது உபயோகிக்கலாம், ஆறு குழல்கள் புதிதாக வாங்கி மாட்டலாம், பணங்கொடுத்துப் புதிய குழல் கூடு வாங்க வேண்டாம். மாதந்தோறும் சிறிது பணம் சேர்த்து வைத்தால், குழல்கள் ஓயும் காலத்தில் எல்.இ.டி. வாங்க உதவும். அப்பொழுதும் அதைக் குறைந்த பிரகாசத்தில் ஆரம்பித்து வாரந்தோறும் ஏற்ற வேண்டும். பவளத்தையும் கடலிலிருந்து பெயர்த்ததாக இல்லாமல், பண்ணையில் துண்டு நட்டு வளர்த்ததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நம் நாட்டிலுள்ள நேயர்கள் எவரும் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-ல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த அட்டவணையில்தான் புலியும் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி நமக்கென்று ஒரு பவளத் தோட்டம் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பெயர்த்தெடுத்ததும் ஒரு காரணமாக, அவற்றில் இரண்டு தீவுகள் ஜலத்தில் மூழ்கிப் போயின. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல் சூடேறி, மிச்சமுள்ள பவளங்களும் வெளுத்தன. அந்தத் தோட்டத்துக்கு ஸ்விட்சும் இல்லை, கடிகாரக் கருவியும் இல்லை. வெயிலுக்குக் குறைவும் இல்லை. அதை அப்படியே இருக்க விடுவது ஒன்றுதான் நம்மிடம் அது கேட்கும் உபசாரம்.