கத்னா: வழக்கும் பொறுப்பும்

சிவகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் கண்ணுக்கு எல்லையாய் நிற்கும். அம்மலைக்கு அப்பால் கேரளம். அங்கே 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு, மலைக்கு இப்பால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எனத் தென்காசிச் சாலை நெடுகிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களையும் தொடுவதாகும். மருத்துவக் காரணம் ஏதுமின்றி ஆண் குழந்தைகளுக்குக் கத்னா செய்வதைச் சட்டத்திற்குப் புறம்பானது என அறிவிக்க வேண்டும். அதனைத் தடுக்கச் சட்டமியற்றுவது பற்றி மத்திய அரசு ஆராய வேண்டும் என்பதே அவ்வழக்கின் கோரிக்கை. 'மதம் சாராக் குடிமக்கள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அமைப்பும் வேறு சிலரும் அதனைத் தொடுத்திருந்தனர்.

"அவ்வழக்குத்தான் தள்ளுபடியாகிவிட்டதே, இனி அதைப் பற்றிப் பேசுவானேன்?" என்று கேட்போர் இருக்கலாம். தள்ளுபடியானது உண்மையே. தலைமை நீதிபதி எஸ். மணிக்குமார், நீதிபதி முரளி புருஷோத்தமன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2023 மார்ச் மாதத்தில் அதனை ஏற்க மறுத்துவிட்டது. ஆயினும் மறுத்தமைக்குக் கூறப்பட்ட காரணத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சட்டமியற்றுவது நீதிமன்றத்தின் பணியன்று. செய்தித்தாள் செய்திகளையே சான்றாகக் கொண்ட மனு தன் கூற்றை நிறுவவில்லை என்பதே அக்காரணம். கத்னாவின் நன்மை தீமைகளைத் தராசில் இட்டு எடைபோட்டுக் கூறிய முடிவன்று அது. ஆகவே, வலுவான சான்றுகளோடு மற்றொருவர் நாளை வந்து நின்றால், அதே வினா மீண்டும் எழும். அன்று நம் மறுமொழி யாது?

மார்க்கத்தில் அதன் இடம்

தமிழக முஸ்லிம்கள் 'சுன்னத்' என்றும் 'மார்க்கக் கல்யாணம்' என்றும் வழங்கும் இச்செயல், திருமறையில் பெயர் சுட்டிக் கட்டளையிடப்பட்டதன்று. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வழிமுறையைப் பின்பற்றுமாறு 'அந்நஹ்ல்' அத்தியாயம் பணிக்கின்றது. அந்நபி தம் எண்பதாம் வயதில் கத்னா செய்துகொண்டார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி அறிவிக்கின்றது. நகம் வெட்டுதல், மீசையைக் கத்தரித்தல் முதலியவற்றோடு கத்னாவையும் சேர்த்து, ஐந்து செயல்களை மனித இயல்பிற்கு உரியவை என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் தெரிவிக்கின்றன.

இவற்றை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபினர் கத்னாவை வாஜிப், அதாவது கட்டாயக் கடமை, என்றனர். ஹனஃபி, மாலிகி மத்ஹபினர் அதனை வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்றனர். தமிழகத்தில் இவ்விரு வழியினரும் உள்ளனர்; கடமையின் தரத்தில் வேறுபட்டாலும் செயலில் வேறுபாடில்லை.

காலத்தைப் பொறுத்தவரை மார்க்க அறிஞர்கள் காட்டிய தாராளம் பலரும் அறியாதது. பிறந்த ஏழாம் நாள் சிறந்ததென ஷாஃபிஈ நூல்கள் கூறும். ஹனஃபி நூல்களோ குறிப்பிட்ட ஒரு நாளை வரையறுக்கவில்லை. குழந்தை பலவீனமாக இருப்பின், அது தாங்கும் வலிமை பெறும் வரை தள்ளிவைக்க வேண்டும் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். குழந்தையின் உடல்நலம் மார்க்கச் சட்டத்திற்கு வெளியிலிருந்து வந்த நிபந்தனையன்று. அதன் உள்ளேயே இருப்பது என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்போரின் வாதம்

எதிர்ப்போர் அனைவரையும் இஸ்லாத்தின் பகைவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவர்களுள் குழந்தை மருத்துவர்களும் உண்டு. அவர்கள் கேட்பது இதுதான்: குழந்தையின் உடலிலிருந்து அகற்றப்படும் பகுதி திரும்ப வராது, அக்குழந்தையோ இசைவு தரவோ மறுக்கவோ இயலாத நிலையில் உள்ளது, அவ்வாறிருக்க, நோய் ஏதுமின்றி அறுவை செய்யும் உரிமையைப் பெற்றோருக்கு யார் அளித்தார்?

1989இல் நிறைவேற்றப்பட்டு, 1992இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை அவர்கள் சான்று காட்டுகின்றனர். குழந்தையின் உடல்நலத்திற்குக் கேடு செய்யும் மரபுவழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு கூறுவது உண்மையே. ஆனால் அதே உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சமய விஷயத்தில் குழந்தைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் மதிக்க வேண்டும் என்கிறது. எனவே வாதம் முழுவதும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றது: கேடு. கத்னாவினால் குழந்தைக்குக் கேடு விளைகின்றதா?

இங்கே பெண் குழந்தைகளின் உறுப்பைச் சிதைக்கும் கொடுமையோடு இதனை ஒப்பிடுவோர் உளர். அக்கொடுமையால் எவ்வித உடல்நலப் பயனும் இல்லை, தீங்கே உண்டு என உலகச் சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. அந்நிறுவனமே ஆண்களின் கத்னாவை 2007இல் எய்ட்ஸ் தடுப்பு முறைகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

மருத்துவத்தின் இரு குரல்கள்

அப்பரிந்துரைக்கு அடிப்படை தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகளாகும். கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து அந்நோய்க்கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்ததாக அவை கண்டன. இதனை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த ஆய்வுகள், நோய் மிகுந்த நாடுகளில், தாமே இசைந்து வந்த வளர்ந்த ஆண்களிடம் நடத்தப்பட்டவை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல், நன்மை தீமையைவிட மிகுதி. ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்க எனப் பரிந்துரைக்கும் அளவிற்கு மிகுதியன்று எனக் கூறி, முடிவைப் பெற்றோரிடம் விட்டது. நெதர்லாந்து மருத்துவர் சங்கமோ 2010இல், மருத்துவக் காரணமின்றிச் செய்வதை ஊக்குவிக்கலாகாது என்றது.

ஆதலின் "விஞ்ஞானமே சுன்னத்தை மெய்ப்பித்துவிட்டது" என்று நாம் முழங்குவது தகாது. நாம் கத்னா செய்வது நோய்க்கு அஞ்சியன்று; அது இப்ராஹீம் (அலை) அவர்களின் வழிமுறை என்பதனாலேயே. இன்றைய ஆய்வின் மீது வணக்கத்தைக் கட்டி எழுப்பினால், நாளைய ஆய்வு மாறும்போது அது சரியும். மருத்துவத்திடம் நாம் கேட்க வேண்டிய வினா வேறு. "இதனைக் குழந்தைக்குத் தீங்கின்றிச் செய்வது எப்படி?" என்பதே அது.

அவ்வினாவிற்கு மருத்துவம் தெளிவாகவே விடையளிக்கின்றது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, கைக்குழந்தைகளிடம் நூற்றுக்கு ஒன்றரை அளவிலும், வளர்ந்த சிறுவரிடம் நூற்றுக்கு ஆறு அளவிலும் சிக்கல்கள் நேர்வதாகக் கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. பயிற்சியற்ற கையும் தூய்மையற்ற கருவியும் சேரும் இடத்தில்தான் அபாயம் பெருகுகின்றது.

ஜெர்மனி தரும் பாடம்

இதே வினாவை ஒரு நாடு முழுவதும் எதிர்கொண்ட வரலாறு நம் கண்முன் உள்ளது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2010இல் நான்கு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்கு மருத்துவர் ஒருவர் கத்னா செய்தார். இரு நாட்களுக்குப் பின் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சிறுவன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டான். செய்தி அரசு வழக்கறிஞரை எட்டியது. மருத்துவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2012 மே 7ஆம் நாள் அந்நகர நீதிமன்றம், சட்டநிலை தெளிவற்றிருந்தமையால் மருத்துவரை விடுவித்தது; ஆனால், பெற்றோர் இசைந்தாலும் சமயக் காரணத்திற்காகச் சிறுவனுக்குக் கத்னா செய்வது உடற்காயம் விளைக்கும் குற்றமே எனத் தீர்ப்புரைத்தது.

முஸ்லிம்களும் யூதர்களும் ஒருசேரக் குரலெழுப்பினர். அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஜெர்மன் நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. ஆதரித்தோர் 434 பேர். எதிர்த்தோர் 100 பேர். கத்னாவிற்கு இசைவளிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றது அச்சட்டம். ஆனால் நிபந்தனைகளையும் விதித்தது. மருத்துவ நெறிப்படி அது செய்யப்பட வேண்டும். குழந்தையின் நலனுக்கு ஊறு நேருமாயின் கூடாது. முதல் ஆறு மாதங்களுக்குள் மட்டும், மருத்துவர் அல்லாத ஒருவர் செய்யலாம், அவரும் சமயச் சமூகத்தால் நியமிக்கப்பட்டு மருத்துவருக்கு நிகரான பயிற்சி பெற்றவராய் இருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் எழுதிவைத்த நூல்களில் இல்லாத எதனை அச்சட்டம் புதிதாகக் கூறிவிட்டது? பலவீனமான பிள்ளைக்குத் தள்ளிவைக்கச் சொன்னது நம் சட்டம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் விளைந்த கேட்டிற்குப் பொறுப்பாளி ஆவான் என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. தீங்கு செய்தலும் தீங்கிற்கு ஆளாதலும் கூடாது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

மறுபுறம், பாதுகாப்பான வழி எட்டாத இடத்தில் நேர்வதையும் நோக்குவோம். 2018 டிசம்பரில் இத்தாலியில், ரோம் நகரை அடுத்த மொன்டெரோட்டோன்டோவில், குடியேறிய குடும்பமொன்றின் இரண்டு வயதுக் குழந்தை வீட்டில் செய்யப்பட்ட கத்னாவினால் இறந்தது. ஐஸ்லாந்தில் அதே 2018இல், கத்னா செய்வோருக்கு ஆறாண்டு வரை சிறை விதிக்கும் மசோதா கொண்டுவரப்பட்டு நிறைவேறாமல் போயிற்று. தடை வரின் வழக்கம் மறையாது, மறைவிடம் தேடும். மறைவிடத்தில் மயக்க மருந்தேது, தூய்மையேது?

நம் வீட்டுக் கணக்கு

நம் நாட்டில் கத்னாவைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை. அதனை யார், எவ்வாறு செய்ய வேண்டும் என வரையறுக்கும் தனிச் சட்டமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் சமய உரிமையோ பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றிற்கு உட்பட்டது. நாளை வரும் வழக்கு 'சுகாதாரம்' என்னும் அச்சொல்லின் மீதுதான் நிற்கும். எங்கோ ஒரு வீட்டில் இரத்தம் நிற்காமல் துடிக்கும் ஒரு குழந்தையே அவ்வழக்கின் சான்றாக அமையும். அதைவிடப் பெரிது, அக்குழந்தையின் உயிர்.

முற்காலத்தில் பிள்ளையை மாப்பிள்ளையாக அலங்கரித்து, ஊர்வலமாக அழைத்து வந்து, ஒசாவிடம் ஒப்படைப்பர். அவர்களுள் கைத்திறம் மிக்கோர் பலர் இருந்தனர். அவர்களை இகழ்வது நன்றி மறத்தலாகும். ஆயினும் வலிமறக்கும் மருந்தும், கிருமி நீக்கிய கருவியும், இரத்தம் நிறுத்தும் வழியும் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவையின்றிச் செய்விப்பதற்கு நியாயமில்லை.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் மட்டும் கடமை முடிந்ததா? இல்லை. சிறுநீர்த் துவாரம் நுனியில் அமையாமல் அடிப்பக்கத்தில் திறந்திருக்கும் பிறவிக்குறை சில குழந்தைகளுக்கு உண்டு. அத்தகைய பிள்ளையின் முன்தோல் இயல்பாகவே முழுமையின்றி இருப்பதால், 'பிறவியிலேயே சுன்னத் ஆகி வந்த பிள்ளை' எனப் பெருமை கொள்வோரும் உண்டு. உண்மையில் அக்குறையைச் சீர்செய்யும் அறுவைக்கு அந்தத் தோலே தேவைப்படும். ஆதலின் அறுவை மருத்துவர் பார்க்குமுன் கத்னா செய்துவிடலாகாது. அவ்வாறே இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் தாய் வழியே ஆண் பிள்ளைகளுக்கு இறங்குவது. தாய்மாமனுக்கோ மூத்த பிள்ளைக்கோ சிறு காயத்திலும் இரத்தம் நிற்காத வரலாறு இருந்தால், அதனை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டியவர் தாயார். வீட்டுப் பெண்களைக் கேளாமல் ஆண்களே நாள் குறிப்பது இவ்விஷயத்தில் ஆபத்தாகவும் முடியலாம். கத்னா முடிந்தபின் இரத்தம் நனைத்துக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கோடை விடுமுறையில் நடைபெறும் இலவசக் கத்னா முகாம்கள் ஏழைகளுக்குப் பேருதவியாகும். எத்தனை பிள்ளைகள் என்னும் எண்ணிக்கையில் பெருமை கொள்ளாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே தூய்மை செய்த கருவி உண்டா, மறுநாள் பார்வையிட மருத்துவர் உண்டா என்று ஜமாஅத்தார் கேட்டறிய வேண்டும். விருந்திற்கும் பந்தலுக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை பைத்துல்மாலில் சேர்த்தால், ஏழைப் பிள்ளைக்கும் தகுதி பெற்ற அறுவை மருத்துவர் கிடைப்பார்.

குழந்தை அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்த அமானிதம். அது பேச இயலாதிருப்பதனாலேயே அதன் சார்பில் சிந்திக்கும் கடமை நமக்கு இருமடங்காகின்றது. எந்த நீதிமன்றம் கேட்பினும் கேளாதிருப்பினும், மறுமையில் அந்த அமானிதம் பற்றிய கேள்வி உண்டு. சுன்னத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அதனைப் பெறும் குழந்தையைக் காப்பாராக! அதற்குரிய தெளிவையும் பொறுப்புணர்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.