பின்னோக்கி எழுதப்படும் முன்னுரை

2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டபோது, ஏடுகள் பலவும் அவர்களைக் குவாண்டம் கணினிக்கு வித்திட்டவர்கள் என்று எழுதின. சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதை மட்டுமே சொல்வது, ஒரு கவிஞனின் முதல் தொகுப்பை அவன் பின்னாளில் எழுதிய திரைப்பாடல்களுக்கான ஒத்திகையாக வாசிப்பதற்கு ஒப்பானது. இதை நாம் மறுத்தாக வேண்டும்.

நடந்தது என்ன? 1984, 1985ஆம் ஆண்டுகளில் பெர்க்லியில் கிளார்க்கின் ஆய்வகத்தில் மார்ட்டினிஸ் முனைவர் பட்ட மாணவர். டெவோரே பிரான்சிலிருந்து வந்த இளம் ஆய்வாளர். அவர்கள் முன் நின்றது அந்தோணி லெகெட் எழுப்பியிருந்த கேள்வி: அணுவுக்குள் ஆளும் குவாண்டம் விதி, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு மின்சுற்றையும் ஆளுமா? ஆளும் என்று அவர்கள் காட்டினார்கள். வழியில் நின்ற பெருந்தடை இரைச்சல். அறை வெப்பத்திலிருந்து கம்பி வழியே கசிந்திறங்கும் நுண்ணலைகள் அளவீட்டைக் கெடுத்துவிடும். அவற்றை விழுங்கச் செப்புத்தூள் நிரப்பிய வடிகட்டிகளைச் செய்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பட்டறை வேலை. அந்த ஆய்வின் உயிரே இதில்தான் இருந்தது.

"இதனால் என்ன பயன்?" என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், கணினி என்ற விடை கிடைத்திராது. பீட்டர் ஷோரின் வழிமுறை வந்தது 1994இல். நகமுராவும் சகாக்களும் மீகடத்திக் கியூபிட் ஒன்றை இயக்கிக் காட்டியது 1999இல்.

நிறுவனங்களை நாம் பழிக்கவில்லை. 2019இல் கூகுளில் மார்ட்டினிஸின் குழு 53 கியூபிட்களைக் கொண்டு செய்துகாட்டியது எளிய காரியமன்று. ஆனால் அங்கே கொண்டுசென்ற கைப்பழக்கம் பல்கலைக்கழகத்தில், பயன் கேட்காத ஆண்டுகளில் பழகியது.

நமது கேள்வி இதுதான். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணியே வேலை தரும் இன்றைய கல்விச்சூழல், வெளியிட எதுவுமின்றி வடிகட்டி செய்துகொண்டிருக்கும் மாணவரிடம் எத்தனை ஆண்டு பொறுமை காட்டும்? அவரை வெளியேற்றிவிட்டு இன்னொரு பெர்க்லியை எதிர்பார்ப்பது, விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு அறுவடைக்கு நாள் குறிப்பதாகும்.