மின்சாரம் எங்கள் மலையில், மின்சார ஆட்டோ எந்த ஊரில்?

தோட்டத்து வீதிகளில் அன்றாடம் ஏறி இறங்கும் உறவுகளுக்கு,

2025 நவம்பர் 28ஆம் திகதி கரையேறிய டித்வா சூறாவளி நம் மலைகளை என்ன செய்தது என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. நுவரெலியாவுக்கு ஏறும் பெரிய வீதிகளே மண்சரிவில் அடைபட்டுக் கிடந்தபோது, தோட்ட றோட்டுகளின் கதியைக் கேட்க ஆளில்லை. இப்போது மீளக் கட்டும் காலம். எந்த வீதி முதலில், எந்த வளைவில் தாங்குசுவர், எந்தப் பாலத்துக்கு எவ்வளவு பணம் என்று கணக்குப் போடுகிறார்கள். இனி எல்லாம் மின்சார வாகனம்தான் என்ற பேச்சும் இன்னொரு பக்கம் மேடைதோறும் கேட்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து, தோட்டத்து மனிதர் லயத்திலிருந்து டவுனுக்கு எதில் போய்ச் சேருவார் என்று இதுவரை எவரும் கேட்கக் காணோம். ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்து ஆட்டோ ஓட்டுநர்களும் ஆசிரியர்களும் கொழுந்தெடுக்கும் பெண்களும் கொழும்பு வேலையை விட்டு ஊர் திரும்பிய இளைஞர்களுமாகச் சிலர் கூடிப் பேசியதில் எழுந்தது இந்த வேண்டுகோள்.

நாட்டில் பதிவான முச்சக்கரவண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். டவுன்காரர்களுக்கு ஆட்டோ ஒரு வசதி. மேல் டிவிஷனில் இருப்பவருக்கோ அதுதான் பஸ், அதுதான் அம்புலன்ஸ், மழை நாளில் பிள்ளையின் பள்ளிக்கூட வண்டியும் அதுதான். டிக்கோயாவில் 150 கட்டில்களோடு இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். நல்ல ஆஸ்பத்திரி. ஆனால் பிரசவ வலி எடுத்த பெண்ணை இராத்திரி ஒரு மணிக்கு அங்கே கொண்டு சேர்ப்பது பக்கத்து லயத்துத் தம்பியின் ஆட்டோ. அவர் வண்டியில் பெற்றோல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் பார்த்தோம்.

அந்த வருடத்தை மறந்துவிட்டீர்களா? நாங்கள் மறக்கவில்லை. 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. மலையில் முழு நாள் நின்று நிறை காட்டிய ஒருத்தியின் கூலி இரண்டு லீற்றர் பெற்றோலோடு தீர்ந்தது. ஜூலையில் கியூஆர் குறியோடு தேசிய எரிபொருள் அட்டை வந்தது. அதைப் பழிக்க மாட்டோம். நாட்கணக்கில் நீண்ட வரிசைகளைக் குறைத்த நல்ல தொழில்நுட்பம் அது. தொலைபேசியில் ஒரு படம், அதைப் பார்த்துப் பம்பில் ஓர் அளவு, மறுபேச்சில்லை. ஆனால் அந்த அளவைத் தீர்மானித்தவர்களுக்கு இந்த நாட்டில் மலை என்று ஒன்று இருப்பது ஞாபகத்தில் இருக்கவில்லை. ஆரம்பத்தில் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். வெள்ளவத்தையில் ஓடும் ஆட்டோவுக்கும் 5 லீற்றர், பொகவந்தலாவைக்கு மேலே கல் பெயர்ந்த றோட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முனகும் ஆட்டோவுக்கும் 5 லீற்றர். பம்ப் இருப்பதோ டவுனில். அங்கே இறங்கி, வரிசையில் நகர்ந்து, திரும்ப ஏறி வருவதற்கே அந்த ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தைக் காப்பாற்ற நம் ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள் என்பதும் ஊரறிந்தது: இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, வெறும் பிரேக்கை நம்பி வளைவுகளில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். பின் இருக்கையில் இருந்தவர்கள் நாம்தான்.

வண்டி இலக்கமும் தெரிந்த, ஆளின் அடையாள அட்டை இலக்கமும் தெரிந்த அந்தக் கணினிக்கு, அவர் ஏற வேண்டிய ஏற்றம் மட்டும் தெரியவில்லை. தெரிய வைத்திருக்கலாம். ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சேர்த்தாலே போதும். கேட்டிருந்தால் செய்திருப்பார்களோ என்னவோ, நாமும் கேட்கவில்லை. 2023 செப்டெம்பரில் அட்டை முறையை நிறுத்தினார்கள், நாமும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டோம்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். இந்த நாட்டுக்கு நீர்மின்சாரம் எங்கிருந்து வந்தது? பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கு அருகே பிளக்பூலில் ஒரு சிறு மின்நிலையத்தை இயங்க வைத்தார். மகாவலியும் களனியும் விழும் இடங்களில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் எழுதிக் காட்டினார். லக்ஷபான 1950இல் இயங்கியது. பிறகு காசல்ரீ நீரை வைத்து நோட்டன் பிரிஜ்ஜில் விமலசுரேந்திர மின்நிலையம், 50 மெகாவாற். மவுசாகலை நீரில் கென்யன், 60 மெகாவாற். கொத்மலை, 201. தலவாக்கலையில் மேல் கொத்மலை, 2012இலிருந்து 150. இந்த நான்கு மட்டுமே 461 மெகாவாற். லக்ஷபான, புதிய லக்ஷபான, பொல்பிட்டிய மூன்றையும் இதில் சேர்க்கவில்லை. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. மேல் கொத்மலைக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் வீடு மாறின, சென் கிளயர் அருவி மெலிந்தது. கொடுத்த கணக்கு இது. இதில் வந்த மின்சாரம் நம் லயத்துக் கூரைக்கு மேலே உயர்அழுத்தக் கம்பியில் கொழும்புக்குப் போகிறது.

போகட்டும், நாடு எல்லோருக்கும் பொது. ஆனால் மின்சார வாகனத்தால் யாருக்கு ஆதாயம் அதிகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா 1,868. அறுநூறு மீற்றர் வித்தியாசம். ஆட்களோடு 650 கிலோ வரும் ஓர் ஆட்டோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க அடிப்படையில் தேவைப்படுவது ஏறக்குறைய 1 யூனிற் மின்சாரம். தூரத்துக்கான செலவு வேறு. பெற்றோல் வண்டி ஏறும்போது எரித்ததை இறங்கும்போது திருப்பித் தராது. அத்தனையும் பிரேக் சூடாகி, கருகிய மணமாகக் காற்றில் போகும். மின்சார வண்டியில் இறக்கத்தின்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறும். வண்டியைப் பிடித்து மெதுவாக்கிக்கொண்டே பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும். ஏறச் செலவான சக்தியில் கணிசமான ஒரு பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கும். சமதரையில் சிக்னலுக்குச் சிக்னல் கிடைப்பது சில்லறை. முழு லாபமும் மலையில்தான்.

பணத்தை விட உயிர் பெரிது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிவந்த பஸ் மோதி, வானில் வந்த ஆறு பேரும் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் செத்தார்கள். 2025 மே 11 விடியற்காலையில் ரம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மோட்டாரே வேகத்தைப் பிடித்து வைக்கும் வண்டிகள் எல்லா விபத்தையும் தடுத்துவிடும் என்று நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்குக்கு ஒரு துணை கிடைக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் ஆட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சி எங்கே தொடங்கியிருக்க வேண்டும்? 2022 நெருக்கடிக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் துணையோடு பெற்றோல் ஆட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டம் ஒன்று வந்தது. அது ஆரம்பித்த இடம் மேல் மாகாணம். இதை நாங்கள் வெறும் பொறாமையில் சொல்லவில்லை. சமதரையில் சரிபார்த்த மோட்டாரை இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஏற்றத்தில் அது சூடேறி நின்றுபோகும். மலை உச்சித் தோட்டத்தில் இரவெல்லாம் சார்ஜ் பண்ணி, பற்றரியை முழுதாக நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், இறக்கத்தில் பிறக்கும் மின்சாரத்துக்குப் பற்றரியில் இடமிருக்காது. மோட்டார் தரும் அந்தப் பிடிமானமும் குறைந்துபோகும். மேலே இருக்கும் வண்டி முக்கால் பங்கு நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்ள வேண்டும், கீழே இருக்கும் வண்டி முழுதாக நிரம்ப வேண்டும். இதைச் செய்யச் சிறு மென்பொருள் ஒன்று போதும். ஆனால் அதை எழுதுபவர் ஒரு முறையாவது மஸ்கெலியாவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஜனவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி விழும்போது லித்தியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது கெடக்கூடும் என்பதும் கொழும்பில் எவருக்கும் தட்டுப்படாத விஷயம்.

இவையெல்லாம் தீர்க்கக் கூடியவை. எங்கள் வயிற்றெரிச்சல் வேறொரு இடத்தில். மின்சார ஆட்டோ வந்தால் அதன் பிளக்கை எங்கே சொருகுவது?

லயத்துக் காம்பராவின் வயரிங்கைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பல்புக்கும் ஒரு வானொலிக்கும் போட்ட கம்பியில் இன்று ஃபிரிஜ்ஜும் தொலைக்காட்சியும் ரைஸ் குக்கரும் தொங்குகின்றன. மின்னொழுக்கினால் லயன் தொகுதி எரிந்தது, இத்தனை குடும்பங்கள் பாடசாலையில் தங்கவைப்பு என்ற செய்தி வராத வருடம் உண்டா? அந்தக் கம்பியில் ஆட்டோவையும் இரவு முழுக்க மாட்டச் சொல்கிறீர்களா? தனி மின்மானி கேட்டுப் போனால் காணி யாருடையது என்ற கேள்வி வரும். காணி நம்முடையது இல்லை. துரையின் கடிதத்துக்காக ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எங்களிலேயே பலர். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் அறவிடும் மின்மானி இருப்பவருக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மின்சாரம் மலிவு. அந்த மலிவு வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு. வண்டியோ லீசிங்கில் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதிக் கம்பனி. எஞ்சினைக் கழற்றி மோட்டார் போட அவர்களின் சம்மதமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வீடு ஒருவருடையது, றோட்டு ஒருவருடையது, வண்டி ஒருவருடையது. தவணைப் பணம் மட்டும் நம்முடையது.

றோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கக் கூடாது என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி முப்பது வருடம் கைவிரித்தார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. இன்று அந்தச் சாக்கு இல்லை. 2025 மே 6ஆம் திகதி நாம் வரிசையில் நின்று வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்கள் சபைகளில் இருக்கிறார்கள். தோட்ட றோட்டு கம்பனியின் வேலை என்று எவராவது சொன்னால், திருத்தச் சட்டத்தை வாசித்தீர்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய கனவு இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் திறீ பேஸ் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. சில தோட்டங்களில் கம்பனிகளே சிறு நீர்மின் நிலையம் நடத்துகின்றன, சிலவற்றில் ஃபெக்டரிக் கூரையில் சோலார் பலகை. அந்த ஃபெக்டரி வாசலிலோ கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்திலோ பூட்டும் மின்மானியும் கொண்ட இரண்டு சார்ஜ் முனைகள் வைத்தால், ஒரு டிவிஷனின் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். லயத்துக் கம்பிக்கும் ஆபத்தில்லை. டித்வாவில் சரிந்த வீதியை மறுபடி வெட்டும்போதே அதற்கான கேபிளையும் ஓரத்தில் புதைத்துவிட்டால் செலவு சொற்பம். தார் போட்டு முடித்துவிட்டு இரண்டாம் முறை தோண்டினால்தான் பல மடங்கு. முன்னோடித் திட்டத்தின் அடுத்த சுற்று எதுவானாலும் அதில் நுவரெலியா மாவட்டத்து வண்டிகள் இருக்க வேண்டும். மலையில் ஏற்றிப் பார்க்காத மாற்றுக் கருவிக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கக் கூடாது.

ஓட்டுநர் தம்பிமாருக்கு: மலிவாகக் கிடைக்கிறதென்று ஈய அமில பற்றரி போட்ட தரமற்ற வண்டியை வாங்கி ஏமாறாதீர்கள். கொக்கி போட்டு இழுத்த கம்பியில் சார்ஜ் ஏற்றாதீர்கள். எரிவது உங்கள் காம்பரா மட்டுமல்ல, வரிசையில் இருக்கும் மற்றப் பன்னிரண்டும்தான். தொழிற்சங்கத் தலைவர்களுக்கு: 2026இல் நாட்சம்பளம் 1,550, வரவுக் கொடுப்பனவு 200 என்று வந்ததைப் பதாகையில் போட்டுக்கொண்டீர்கள், சந்தோஷம். அந்த 1,750இல் ஒரு ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு எவ்வளவு போகிறது என்று சந்தா கட்டும் அக்காமாரிடம் கேட்டுவிட்டு அடுத்த மேடையில் ஏறுங்கள்.

வாக்குக் கேட்டு வந்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்காத நம்மைத்தான் சொல்ல வேண்டும். 5 லீற்றரை வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். பெற்றோல் இன்னொரு முறை கப்பலில் நின்றுபோகும் நாள் வரும். அன்றைக்கு டவுனில் மின்சார வண்டிகள் ஓட, லக்ஷபானவுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாம் மறுபடியும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறோமா?

உங்கள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று இந்த வாரமே கிராம சேவகரிடம் விசாரியுங்கள். உங்கள் டிவிஷனில் எத்தனை ஆட்டோ, எத்தனை மோட்டார் சைக்கிள், சார்ஜ் முனைக்கு எந்த இடம் பொருத்தம், எந்த றோட்டு வெட்டப்படப் போகிறது என்று ஒரே ஒரு தாளில் எழுதி, ஆட்டோ தரிப்பிடத்தில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி, பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் நேரில் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீதிக்குத் தார் விழுவதற்கு முன் இது நடக்க வேண்டும்.