பெருநாள் படங்களும் சென்னை வசூலும்

நோன்புப் பெருநாளோ ஹஜ்ஜுப் பெருநாளோ, சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையோ வந்துவிட்டால் புத்தளம் மாவட்டத்தில் பள்ளிவாசல்துறை தொடங்கி கற்பிட்டி முனை வரைக்கும் இளைஞர்களின் பேச்சில் புதுப்படம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் படத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. முதல் நாள் எத்தனை கோடி, படம் ஹிட்டா பிளாப்பா, அந்த நடிகரின் முந்தைய சாதனையை முறியடித்ததா என்பதோடு முடிந்துவிடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் விற்ற டிக்கெட்டின் கணக்கு அது. கற்பிட்டிக் குடாநாட்டில் கைத்தொலைபேசியில் படம் பார்க்கிறவர் அந்தக் கணக்கில் ஒரு ரூபாயாகக்கூட இடம்பெறுவதில்லை. தயாரிப்பாளரின் லாப நட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற நாம், நம் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்ல மறந்துவிட்டோம். விடுமுறைக்குப் பார்க்கிற படத்தை நம் கரையின் அனுபவத்தை வைத்து மதிப்பிட வேண்டும். அதற்கு விமர்சகர் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

2025 மே முதலாம் திகதி வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளலாம். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். ஜூன் தொடக்கத்தில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, இணையத்துக்கும் வந்துவிட்டது. பொருளாதார நெருக்கடியில் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம், சென்னையில் தன் பேச்சு வழக்கை மறைத்து, கேரளாவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு குடியேறுகிறது. கணவன் மனைவியாக வரும் சசிகுமாரும் சிம்ரனும் அக்கம்பக்கத்து மனிதர்களை அன்பால் வென்றுவிடுகிறார்கள். ஒருவரையொருவர் எட்டிப்பார்க்காத தெரு, ஒரு மூதாட்டியின் சாவு வீட்டில் ஒன்றுசேர்கிறது. தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் இதைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. இலங்கைத் தமிழரைத் துப்பாக்கியும் கண்ணீருமாக மட்டுமே காட்டிப் பழகிய திரையில், பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு சோறு தின்னும் சாதாரணக் குடும்பம் ஒன்று வந்ததே பெரிய விஷயம்.

இந்தக் கரையில் இருந்து பார்க்கிறவருக்கோ அதற்கு மேலும் சொல்ல இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் இங்கே கிணற்றடியிலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் வந்து கலந்தன. இடம் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். பிறகு, தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை அனுமதிக்கும் நிவாரணத்துக்குமாக உரசலும் வந்தது. இரண்டும் உண்மை. வந்தவரும் இருந்தவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதை அறிந்த ஊர், சில வாரங்களில் ஒரு தெருவே கனிந்துவிடும் கதையைப் பார்த்து 'கொஞ்சம் சீனி கூடிப்போச்சு' என்று சொன்னால், அதைவிடத் தகுதியான விமர்சனம் வேறு எங்கிருந்து வரும்?

இன்னொன்று மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்ட்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவாக ஏறியது. வெளியிணைப்பு இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சிறு படகுக்காரருக்கு நெருக்கடி என்பது அந்த எண்தான். கடலுக்குப் போனால் எண்ணெய்ச் செலவுக்கே மீன் படுமா என்ற கேள்விதான். படத்தில் நெருக்கடி, குடும்பத்தைப் படகில் ஏற்றிவிடுகிற காரணமாக வந்து, அதோடு விலகிவிடுகிறது. ஏன் ஓடினார்கள் என்பதை விட்டுவிட்டு, ஓடிவந்த இடத்தில் எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்பதிலேயே கதை நிற்கிறது.

கசப்பான உதாரணமும் உண்டு. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மறுநாள் புத்தாண்டு வெளியீடாக வந்தது விஜயின் 'பீஸ்ட்'. வணிக வளாகத்தைக் கைப்பற்றும் முஸ்லிம் தீவிரவாதிகளைக் கதாநாயகன் தனி ஆளாக வேட்டையாடும் கதை. குவைத் அதைத் திரையிட அனுமதிக்கவில்லை. தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் சந்தேகப் பார்வையைச் சுமந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், அதே முகத்தைத் திரையில் வில்லனாகப் பார்த்துவிட்டு 'பாட்டு சூப்பர், வசூல்தான் குறைவு' என்று மட்டும் பேசிக் கலைந்தால், பேச வேண்டியது பேசப்படாமலே போகிறது.

வருஷத்தில் நாலு நாள் ஓய்வு, அதிலும் இப்படி ஆராய வேண்டுமா என்று கேட்பார்கள். தோட்டத்திலும் கடலிலும் உடம்பு நொந்தவர் சிரிக்க ஒரு படம் பார்ப்பதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவர்கள் நாம். அப்படிப் பார்ப்பதால் ஆணத்தின் ருசி குறைந்துவிடுகிறதா என்ன?

பெரியவர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது. படமே வேண்டாம், அதிலும் பெருநாளில் சினிமாப் பேச்சு எதற்கு என்பது அவர்கள் நிலை. அவர்களின் கவலையை மதிக்கிறேன். ஆனால் கைத்தொலைபேசி பிள்ளையின் கையில் இருக்கிறது. படம் உள்ளே வந்தாயிற்று. வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பேசாவிட்டால், பிள்ளைக்குக் கருத்துச் சொல்லித்தருபவர் யூடியூபில் கத்துகிற யாரோ ஒருவர்தான். சென்னையில் எடுக்கிற படத்துக்குக் கற்பிட்டி மீது என்ன கடமை என்று கேட்பவர்களும் உண்டு. கடமை இல்லைதான். அதனால்தான் நம் வாழ்க்கையைச் சொல்லும் படத்தை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. செங்கை ஆழியானின் நாவலை வைத்து, மீன்பிடிக்க வாடி போட்டுத் தங்கும் கரையோர மனிதர்களைக் காட்டிய 'வாடைக்காற்று' 1978இல் இந்த நாட்டிலேயே எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த நாட்டின் கரையோர வாழ்க்கை தமிழ்த் திரையில் அரிதாகத்தான் வந்திருக்கிறது. பார்ப்பவர் கேட்காததை எடுப்பவர் தருவதில்லை.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் நீண்ட விடுமுறை கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கிற வீட்டு வேலையில், பார்த்துப் படியெழுதும் பக்கங்கள் சிலவற்றைக் குறைத்துவிட்டு, பெருநாள் முடிந்து வரும்போது பார்த்த படம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். அந்தப் படத்தில் யார் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள், நம் ஊரில் அது அப்படி நடக்குமா என்ற இரண்டு கேள்விகள் போதும். தமிழ் ஆசிரியர்கள் வருகிற ரமழானிலேயே இதைச் செய்துபார்க்க வேண்டும்.