போடியில் நின்ற இருப்புப்பாதை

பண்ணைப்புரத்தார் இரயிலேற வேண்டின் போடிக்கோ தேனிக்கோ பஸ்ஸிற் செல்லல் வேண்டும். 1928இல் மதுரையினின்றும் போடிநாயக்கனூர் வந்த மீட்டர் பாதை, இரண்டாம் உலகப்போரிற் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இடப்பெற்றது. 2010இன் இறுதியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2023 ஜூனிலேதான் போடிக்கு வண்டி திரும்பிற்று. பன்னீராண்டுக்கு மேல்! அதற்குத் தெற்கே கம்பம் வரை ஒரு முழத் தண்டவாளமும் இல்லை.

பயணிகள் போதார் என்பாருளர். அவர்க்கு யாம் அயர்லாந்தைக் காட்டுவோம். ஆங்கு டோனெகால் நாட்டுப்புறத்து மூன்றடிக் குறும்பாதையில் 1931லேயே டீசல் வண்டி ஓடிற்று. பஸ்ஸை ஒத்த ஒற்றைப் பெட்டி. கரியும் வேண்டா, தீயிடுவோனும் வேண்டா. நிலையமில்லாத கடவுகளிலும் நின்று ஆளேற்றும். வருவாய் குன்றிய அப்பாதை 1959 முடியுமளவும் பிழைத்ததற்கு அச்சிறுவண்டிகளே பெருந்துணை. அகலப்பாதைக்கு இஃது ஆகாதோ எனின், இலங்கையில் அகலப்பாதையிலேயே இரு பஸ்களை முதுகோடு முதுகாகப் பிணைத்து ஓட்டியுள்ளனர்.

தண்டவாளமிடும் செலவு சிறிதன்று, ஒப்புகிறோம். ஆயினும் பெருநிலையமும் நீண்ட மேடையுமின்றி, போடியினின்றும் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியே உத்தமபாளையத்திற்கு ஒரு சிறுவண்டி விடலாமன்றோ? திட்டமிடுவோர் நெடுவண்டிக்கன்றி ஒற்றைப் பெட்டிக்கு ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.